கடைசி ஆளை முன்னால் விடுங்கள்

நாலு நாள் பழனி மலைத்தொடரில் நடந்துவிட்டு வந்து, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கூட வந்தவர்கள் படமெல்லாம் போட்டிருக்கிறார்கள். எதிலும் நான் இல்லை. அவர்கள் படம் எடுத்த நேரத்தில் நான் இரண்டு வளைவுக்குக் கீழே வந்துகொண்டிருந்தேன்.

கும்பக்கரையில் ஆரம்பித்து வெள்ளகவி, வட்டக்கானல், கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர். பதினெட்டுப் பேர். அதில் சர்க்கரை மாத்திரையும் தொந்தியுமாக நாற்பத்தெட்டு வயதுக்காரன் நான் ஒருவன்தான். வனத்துறை அனுமதி, வழிகாட்டியாக ஒரு வெள்ளகவிக்காரர் என்று எல்லாம் முறைப்படி இருந்தது. குறை அதிலில்லை.

வேகமாக நடக்கிறவர்கள் ஒரு நல்ல பாறையைப் பார்த்ததும் உட்காருவார்கள். தண்ணீர் குடிப்பார்கள், கடலைமிட்டாய் தின்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள். இருபது நிமிடம் கழித்து நான் இரைக்க இரைக்கப் போய்ச் சேர்வேன். "வந்துட்டாரா? சரி, கெளம்பலாம்" என்று அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். முதல் நாள் ஆறு இடத்தில் நின்றார்கள். ஆறு இடத்திலும் அவர்கள் உட்கார்ந்தார்கள், நான் ஓரிடத்திலும் உட்காரவில்லை. யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவனுக்கு மட்டும் கிடைக்காதபடி எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு பாருங்கள்! இதற்கு நடுவில் "அண்ணனுக்காகத்தான் வெயிட் பண்ணோம்" என்று உபகாரக் கணக்கு வேறு.

அட்டையும் அப்படித்தான். கார்த்திகைக் கடைசி, மண் ஈரம் காயவில்லை. முன்னால் போகிறவன் காலடி அதிர்வில் அட்டை விழித்துத் தலைதூக்கும். அது தயாராவதற்குள் அவன் தாண்டிப் போய்விடுவான். பின்னால் வருகிறவனுக்குத்தான் விருந்து. உப்புத் துணியைக் கணுக்காலில் கட்டியும் சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் பதினொன்று. பக்கத்திலிருந்த பையனுக்கு ஒன்றே ஒன்று.

வெள்ளகவி எல்லையில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் மாதிரி. நாங்களும் ஷூவைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டோம். அவ்வளவுதான், அதுவரை மான் மாதிரி ஓடினவர்களெல்லாம் கல் குத்தி, பாதத்தை மெல்ல மெல்ல வைத்து நடந்தார்கள். அன்று பதினெட்டுப் பேரும் ஒன்றாக நடந்தது அந்தக் கொஞ்ச தூரம் மட்டும்தான்.

மறுநாள் காலை வழிகாட்டி என்னைக் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும், ரப்பர் செருப்பைத் துண்டில் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தார்.

"சார், நீங்க எனக்குப் பின்னாலயே வாங்க."

"நான் மெதுவா வருவேண்ணே, எல்லாருக்கும் லேட்டாகும்."

"லேட்டு ஆகட்டும். மல எங்க போயிரப் போவுது?"

பின்னால் முணுமுணுப்புக் கேட்டது. "இந்த ஸ்பீடுல போனா டால்பின் நோஸ் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்றான் ஒருவன். வட்டக்கானலுக்குச் சற்றுக் கீழே இருக்கிற பாறைமுனை அது. சாயவில்லை. முந்தின நாளைவிட ஏற்றம் அதிகம், ஆனால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று தடவை நின்றோம், எல்லோரும் உட்கார்ந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு வட்டக்கானல்.

வழியில் சோலைக்குள் ஒரு திருப்பத்தில் பெரியவர் கையைத் தூக்கினார். இருபதடி தள்ளி ஒரு காட்டெருமை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி, எங்களையே பார்த்துக்கொண்டு. பதினெட்டுப் பேரும் மூச்சடக்கி நின்றோம். அது தலையை ஆட்டிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது. முந்தின நாள் நான் தனியாக வந்த ஏதாவது ஒரு வளைவில் அது நின்றிருந்தால்? பெரியவரோ அரைக் கிலோமீட்டர் முன்னால்.

2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன, தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள், 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்தது. நல்லதுதான். ஆனால் வரிசையின் வால் எங்கே இருக்கிறதென்று தலைக்குத் தெரியாவிட்டால் அனுமதிச் சீட்டு என்ன செய்யும்?

இதெல்லாம் நமக்குத் தெரியாததும் இல்லை. அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டியபோது காட் ரோடு ஏது? வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலி தூக்கிய நம் ஆட்கள் ஒரே சீராக எட்டு வைத்தாக வேண்டும். ஒருத்தன் முந்தினால் துரை பள்ளத்தில் கிடப்பார். அவ்வளவு பின்னால் போவானேன்? என் அத்தை வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறாள். அவள் குழுவில் காலில் கொப்புளம் வந்த கிழவிதான் முன்னால். வாட்டசாட்டமான பையன்கள் தண்ணீர்க் கேனோடு கடைசியில். இதற்கு யாரும் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை. அதே பையன்கள் டிரெக்கிங் ஷூ மாட்டியதும் எப்படி மறந்துபோகிறார்களோ!

மூன்றாம் நாள் பெரும்பாலும் தார் ரோடு, சொல்ல ஒன்றுமில்லை. பூம்பாறையில் மலைப்பூண்டு இரண்டு கிலோ வாங்கினேன், அதையும் நானே சுமந்தேன். மன்னவனூரில் முடித்துப் பஸ் ஏறினோம். பெரியவர் வட்டக்கானலோடு திரும்பிவிட்டதால் கடைசி இரண்டு நாளும் நான் பழைய இடத்துக்கே போய்விட்டேன்.

நேற்று வாட்ஸ்அப் குழுவில் அடுத்த பயண அறிவிப்பு வந்தது. "ஃபிட்டா இருக்கறவங்க மட்டும்." முன்னால் நடக்க விட்டால் நான் வருகிறேன் என்று பதில் போட்டேன். பதினேழு பேரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்துவிட்டது. இன்னும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.