ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு

மழை தொடங்கியதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டெங்கு போஸ்டர்கள் வரிசைகட்டும். போன வாரம் ஒன்று: "கொசுப்புழு உற்பத்தி ஆதாரங்களைக் கண்டறிந்து அகற்றிட அறிவுறுத்தப்படுகிறது." அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது யாருக்கு, பஞ்சாயத்துக்கா?" என்றார்.

நியாயமான கேள்விதான். 'அறிவுறுத்தப்படுகிறது' என்பதில் சொல்கிறவரும் இல்லை, கேட்கிறவரும் இல்லை. மறுநாள் சித்தி ஒரு படம் அனுப்பினார். "ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" அவ்வளவுதான் வாசகம். அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது, தேய்த்துக் கழுவ வேண்டும். போஸ்டர்களோ இந்தத் 'தேய்த்து'வை விட்டுவிட்டு 'சுகாதாரமாகப் பராமரிக்கவும்' என்று முடித்துக்கொள்கின்றன. எதைப் பராமரிப்பது, எப்படி?

நமக்கு எழுத வராமல் இல்லை. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று வைத்த விளம்பரத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யார் அந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் பேச வைத்தது அந்தக் கேள்விக்குறி. (அந்தப் பெயரே கிண்டலுக்கும் ஆனது, அது வேறு கதை.) கொரோனா வந்த 2020-இல் "விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு" வந்தது. மூன்று சொல், மூன்றிலும் மோனை. படிக்கத் தெரியாத எங்கள் ஆத்தாவும் சொல்வார்.

அதே வருடம்தான் 'சமூக இடைவெளி'யும் வந்தது. தீண்டாமையைப் பார்த்த ஊரில் இப்படி ஒரு சொல்லைச் சுவரில் ஒட்ட எப்படி மனசு வந்ததோ! உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் 'உடல்ரீதியான இடைவெளி' என்று மாற்றிக்கொண்டது. இங்கேயும் சிலர் 'தனிநபர் இடைவெளி' என்று எழுதினார்கள். ஆனாலும் பழையதுதான் நின்றது. ஃபார்வர்டு ஆன சொல்லைத் திரும்பக் கூப்பிடவா முடியும்?

சரி, தட்டுக்கு வருகிறேன். அம்மா குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "எல்லாரும் ஃபிரிட்ஜ் தட்டைப் பாருங்க. கொட்டிட்டு விட்டுடாதீங்க, தேய்ச்சுக் கழுவுங்க." பெரியப்பா வழக்கம்போல ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் அனுப்பினார். மதியத்துக்குள் இரண்டு வீட்டிலிருந்து தட்டின் போட்டோ வந்தது. ஒன்றில் புழு நெளிந்துகொண்டிருந்தது.