சவுண்டு கார்டு போட்டால் எஃப்பிஎஸ் ஏறுமா?

நேற்று இராத்திரி பதினொரு மணிக்கு அக்கா பையன் ஃபோன் செய்தான். "மாமா, ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு கேமிங் சவுண்டு கார்டு பார்த்தேன். போட்டா பிராசஸருக்கு லோடு குறையும், எஃப்பிஎஸ் ஏறும்னு ஒரு வீடியோவுல சொல்றாங்க. வாங்கட்டுமா?" எஃப்பிஎஸ் என்றால் விளையாட்டில் திரை நொடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) காட்டுகிறது என்ற எண்.

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் அவன் வயதில் நானும் இதே கேள்வியோடு சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியவன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பதில் "ஏறும்". அது பொய்யும் இல்லை.

2005. வீட்டில் ஒரு செலரான் கம்ப்யூட்டர், ஒற்றைக் கோர். அதில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. நொடிக்கு அறுபது ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி செகண்டு. எதிரி எங்கே ஓடுகிறான், குண்டு எங்கே பட்டது என்ற கணக்கெல்லாம் அதற்குள்தான். மதர்போர்டோடு வந்த ஏசி 97 ஒலி, சத்தங்களைக் கலக்கும் வேலையைப் பிராசஸர் தலையிலேயே கட்டிவிடும். அதற்கு இரண்டு மில்லி செகண்டு போனால்கூட மிச்ச வேலை பிந்தும், ஃப்ரேம் விழும். சவுண்டு பிளாஸ்டர் லைவ் கார்டில் இதற்கென்றே தனிச் சிப் உண்டு. கலப்பது, எதிரொலி சேர்ப்பது, திசை பிரிப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி, பக்கவாட்டு மூடி இல்லாத கேபினட்டில் சொருகி, விளையாட்டின் ஆப்ஷனில், கார்டின் எதிரொலி வசதியான 'இஏஎக்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்தேன். திரை ஓரத்தில் நெட் கிராஃப் காட்டும் எஃப்பிஎஸ் எண் நாலைந்து கூடியது. அதைவிட, துப்பாக்கிச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியதைக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுவரையே சுட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் ஒலிக்கு எவ்வளவு மவுசு என்றால், 2004-ல் டூம் 3 என்ற விளையாட்டு வந்தபோது அதன் நிழல் வரையும் உத்திக்கு காப்புரிமை, சவுண்டு பிளாஸ்டர் கார்டுகளைச் செய்யும் சிங்கப்பூர் கிரியேட்டிவ் கையில் இருந்தது. சவுண்டு கார்டுக் கம்பெனிக்கு நிழலில் காப்புரிமை! உங்கள் விளையாட்டில் எங்கள் இஏஎக்ஸை சேர்த்தால் உத்தியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று டூமை எழுதிய ஐடி சாஃப்ட்வேரோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

அப்புறம் 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தது. சவுண்டு கார்டு டிரைவர் கோளாறால் மொத்த விண்டோஸும் நீலத் திரையில் படுத்துக்கொள்வது அப்போது சகஜம். மைக்ரோசாஃப்ட் ஒலி அமைப்பையே திருத்தி எழுதியது. டைரக்ட் சவுண்டு என்ற விண்டோஸ் பகுதி வழியாக விளையாட்டு நேராகக் கார்டிடம் வேலை கொடுக்கும் பாதை அதோடு மூடப்பட்டது. கிரியேட்டிவ் 'அல்கெமி' என்ற மென்பொருளால் சந்து வழி ஒன்று வெட்டிப் பார்த்தது. பழைய விளையாட்டுகளுக்கு அது உதவியது. புதிதாக எழுதியவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை, எல்லாரும் பிராசஸரிலேயே கலக்க ஆரம்பித்தார்கள்.

பிராசஸருக்கு அது பாரமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் நூறு சத்தங்கள், நொடிக்கு 48,000 மாதிரிகள், இடது வலது இரண்டு காது. மொத்தம் 96 லட்சம். வடிகட்டி, எதிரொலி என்று பத்து மடங்காக வைத்தாலும் பத்துக் கோடியைத் தாண்டாது. இன்றைய பிராசஸரில் ஒரே ஒரு கோர் நொடிக்குப் பல நூறு கோடிக் கணக்கு போடும். போதாததற்கு, ஒலி வேலை தனி த்ரெட்டாக (தனி இழையாக), சும்மா கிடக்கும் கோரில் ஓடும். நானும் போன மாதம் என் கம்ப்யூட்டரில் மதர்போர்டு ஒலியை பயாஸில் அணைத்துவிட்டு யுஎஸ்பி கார்டு வைத்து ஓட்டிப் பார்த்தேன். வந்த வித்தியாசம், ஒரே அமைப்பில் இரண்டு தடவை ஓட்டினாலே வரும் வித்தியாசத்தைவிடக் குறைவு.

"பிஎஸ் 5-ல டெம்பெஸ்ட்னு தனி ஆடியோ எஞ்சின் இருக்கே மாமா?" என்று மடக்கினான். இருக்கிறது. ஆனால் அது சோனியின் விளையாட்டுப் பெட்டி. எல்லாப் பெட்டியிலும் இருப்பதால் விளையாட்டு எழுதுகிறவர்கள் தைரியமாக அதை நம்பி எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஏஎம்டி 2013-ல் ட்ரூ ஆடியோ என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளேயே ஒலிச் சிப்பை வைத்துப் பார்த்தது. விரல் விட்டு எண்ணும் அளவு விளையாட்டுகளே தொட்டன. யாரும் வேலை கொடுக்காத ஆளை வீட்டில் வைத்துச் சம்பளம் கொடுத்து என்ன பயன்?

பேச்சுக் கொடுத்தபோதுதான் அவனுடைய உண்மையான தொல்லை வெளியே வந்தது. மவுஸை நகர்த்தினால் ஹெட்ஃபோனில் "கிர்ர்" என்று கேட்கிறதாம். இதற்கும் எஃப்பிஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை. கேபினட் முன்பக்க ஜாக்கிலிருந்து வரும் ஒயர் கிராஃபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகும், அதன் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். பின்பக்க ஜாக்கில் சொருகச் சொன்னேன். முக்கால்வாசி அடங்கியது. மீதி ஒரு "ம்ம்ம்" இருந்தது. பிளக்கைப் பார்க்கச் சொன்னேன். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டி வைத்திருந்தான், எர்த்தே இல்லை. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்குமாம், அதைப் பெருமையாக வேறு சொல்கிறான். இன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு என்று அக்காவிடம் தனியாகச் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகும் இரைந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டைப் சி டாங்கிள் (ஹெட்ஃபோன் சொருகும் குட்டி ஒயர்) போதும். ஒலியாக மாறும் இடம் கேபினட்டுக்கு வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஓட்ட அதிக வலு கேட்கும் 250, 300 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர், பாட்டு ரெக்கார்டு செய்பவர் நல்ல கார்டு வாங்கட்டும். அவர்கள் தேவை வேறு.

காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரிய கார்டு வேண்டும் என்பார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 2016-லேயே எச்ஆர்டிஎஃப் வந்துவிட்டது. நம் காதும் தலையும் ஒலியை மாற்றும் விதத்தை விளையாட்டே கணக்கிட்டு அனுப்புகிறது. அதன்மேல் ஹெட்செட்டின் '7.1 சரவுண்டு' பட்டனையும் தட்டினால், ஏற்கெனவே கலந்த காபியில் இன்னொரு முறை டிகாஷனை ஊற்றியதுபோல்தான். பின்னால் வருபவன் பக்கத்தில் வருவதுபோல் கேட்கும். அதை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள், செலவே இல்லை.

கடைசியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸையும் கார்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறான், ரேம் ஒரே ஒரு 8 ஜிபி குச்சி. பக்கத்து ஸ்லாட் காலி. இரண்டு குச்சி இருந்தால் தகவல் இரண்டு பாதையில் வரும், எஃப்பிஎஸ் ஏற வழி அதுதான். அந்த ஆறாயிரத்தில் முதலில் அதே மாதிரி இன்னொன்றை வாங்கு, மிச்சத்தில் டாங்கிள் வாங்கு என்றேன்.

"அப்போ அந்த வீடியோவுல சொன்னது?" என்றான். டிஸ்கிரிப்ஷனில் வாங்கும் லிங்க் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருக்கு மாமா."