கண் வறட்சி வயதானவர்களுக்கு மட்டும்தானா?

"கண் வறட்சி அறுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் வரும், கண்ணில் நீர் வடிந்தால் அது வறட்சியே இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

2017-ல் வெளியான சர்வதேச நிபுணர் குழு அறிக்கையின்படி, மக்களில் இந்நோய் உள்ளவர்கள் 5 முதல் 50 சதவீதம் வரை. இவ்வளவு பெரிய இடைவெளி எதனால்? எதை நோயாகக் கணக்கிடுவது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இடமும் வயதும் மாறுகின்றன. வயது ஏற ஏற வாய்ப்பு கூடும், பெண்களுக்கு அதிகம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், சிலவகை ஒவ்வாமை மாத்திரை சாப்பிடுபவர்கள், பார்வைக் குறையைச் சரிசெய்ய லேசிக் எனும் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் என இளவயதினரும் நிறைய.

திரையைப் பார்க்கும் ஒருவரின் இமையைச் சற்று கவனியுங்கள். சிமிட்டுவது வெகுவாகக் குறைந்திருக்கும். சிமிட்டினாலும் இமை முழுதாக மூடாமல் பாதியில் திரும்பிவிடும். அதனால் கண்ணீர் சரியாகப் பரவாமல் கண் காய்ந்துபோகும்.

அப்புறம் அந்த நீர் வடிதல். இமை ஓரச் சுரப்பிகள் தரும் எண்ணெய் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். காய்ந்த கண் உறுத்தும். உறுத்தலில் நீர் கொட்டும். அந்த நீர் கண்ணில் நிலைக்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். அதனால் நீர் வடிகிறதே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.