ஹைட்ரஜன் சல்பைடை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மூலக்கூறுகளின் வடிவம் பற்றிய உங்கள் கட்டுரையில், பிணைப்புக் கோணம் (மைய அணுவில் இரண்டு பிணைப்புகளுக்கு இடையிலான கோணம்) மீத்தேனில் 109.5, அம்மோனியாவில் 107, தண்ணீரில் 104.5 டிகிரி என்று அடுக்கி, தனித்த எலக்ட்ரான் இரட்டை (பிணைப்பில் சேராமல் மைய அணுவிடமே இருக்கும் எலக்ட்ரான் ஜோடி) கூடக் கூட அந்தக் கோணம் சுருங்கும் என்று முடித்துவிட்டீர்கள். சரிதான். பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இழுத்துப் பிடிக்கின்றன. தனித்த இரட்டைக்கு ஒரே அணுக்கரு என்பதால், அது மைய அணுவை ஒட்டி அகலமாகப் பரவிப் பக்கத்து இரட்டைகளை நெருக்குகிறது.

ஆனால் தமிழக-கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் (பாதிப் பேர் கேரளப் பாடத்திட்டம், மீதிப் பேர் கோவைப் பக்கத்துப் பள்ளிகள்) இங்கேதான் மடக்குவார்கள். "ஹைட்ரஜன் சல்பைடிலும் இரண்டு தனித்த இரட்டைதானே சார், அங்கே மட்டும் ஏன் 92 டிகிரி?"

கந்தகம் பெரிய அணு. பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறனும் (எலக்ட்ரான் கவர்தன்மை) ஆக்சிஜனைவிடக் குறைவு. அதனால் பிணைப்பு இரட்டைகள் மைய அணுவிலிருந்து தள்ளியே நிற்கின்றன, ஒன்றையொன்று அவ்வளவாக முட்டுவதில்லை. தனித்த இரட்டைகள் இஷ்டத்துக்கு நெருக்கலாம். நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடிலும் இதே கதைதான்: ஃபுளூரின் இரட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, கோணம் சுமார் 102க்கு இறங்கிவிடுகிறது. எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்குவதை வைத்து மூலக்கூறின் வடிவத்தைச் சொல்ல, வேதியியலாளர்கள் கில்லெஸ்பியும் நைஹோமும் 1957இல் வகுத்த கொள்கையைச் சொல்லும்போது தனித்த இரட்டைகளின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் சொன்னதாகும்.

அப்புறம், எலக்ட்ரான் இரட்டைகளை நான்கு பலூன்களாகக் காட்டிய உங்கள் படம் அழகு, ஆனால் நான்கும் ஒரே அளவு! தனித்த இரட்டைக்கான பலூனையாவது கொஞ்சம் பெரிதாக ஊதியிருக்கலாம். அடுத்த பகுதியில் செனான் டெட்ராஃபுளூரைடையும் எழுதுங்கள். இரண்டு தனித்த இரட்டைகளும் மேலும் கீழுமாக எதிரெதிரே போய் உட்கார்ந்து, மூலக்கூறு தட்டையான சதுரமாகிவிடும்.