வாட்ஸ்அப் குரூப்பை விட்டு கொஞ்சம் வெளிய வாங்க

செமஸ்டர் ஆரம்பிச்சாச்சு. வழக்கம்போல ஒவ்வொரு கிளாஸுக்கும் புதுசா ஒரு வாட்ஸ்அப் குரூப், அதுல சப்ஜெக்ட்டுக்கு ஒண்ணு, ஃபீஸுக்கு ஒண்ணு, சார் மேடம் இல்லாம பசங்க மட்டும் தனியா ஒண்ணு. சேலத்துல ஒரு காலேஜ்ல காமர்ஸ் நடத்துறவன் நான், இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு, கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

போன் பசங்க படிப்பையே கெடுத்துருச்சுன்னு பேரன்ட்ஸ் மீட்டிங்ல எல்லாரும் சொல்றாங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். படிப்புக்குன்னே நாம போனை எடுக்கறோமே, அந்த நேரத்துல என்ன பண்றோம்? உருப்படியான எல்லாத்தையும் கொண்டுபோய் குரூப்புக்குள்ள கொட்டுறோம், அது ரெண்டே நாள்ல குட்மார்னிங் படத்துக்கும் பர்த்டே கேக்குக்கும் அடியில போயிருது. ஒரு பொண்ணு அருமையா ஒரு டவுட் கேக்குது, நானும் நைட்டு உக்காந்து வாய்ஸ் நோட்டுல விளக்கமா சொல்றேன், அந்த பேட்ச் முடிஞ்சு போகுது, குரூப்பும் முடிஞ்சு போகுது, அடுத்த வருஷம் அதே டவுட்டு, அதே வாய்ஸ் நோட்டு. ஓமலூர்லயோ ஆத்தூர்லயோ வேற காலேஜ்ல அதே பேப்பர் படிக்கிற பையனுக்கு அது என்னிக்குமே கிடைக்காது. பெரியார் பல்கலைக்கழகத்துல இணைஞ்ச காலேஜ்கள் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு நாலு மாவட்டத்துல இருக்கு, எத்தனை ஆயிரம் பேர் ஒரே மாதிரி கணக்குல முட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அதனால நான் சொல்றது இதுதான்: முகம் தெரியாத ஒருத்தர் தேடினாலும் கிடைக்கிற இடத்துல போடுங்க.

எங்க பையன் ஒருத்தன் கதையைச் சொல்றேன். செவ்வாய்ப்பேட்டை பக்கம், வீட்ல வெள்ளிக் கொலுசு பட்டறை. லிங்க்ட்இன்னு வேலை, தொழில் தொடர்புக்கான தளம் இருக்கே, அதுல எல்லாரும் சர்டிபிகேட் போட்டோவைப் போட்டு "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்"னு எழுதுற மாதிரிதான் அவனும் எழுதிட்டு இருந்தான். நூறு பேர் லைக் போடுவாங்க, எல்லாம் கிளாஸ்மேட். தம்பி, ஒவ்வொரு கட்டமா செலவு கணக்கு போடற பிராசஸ் காஸ்டிங்ல, தவிர்க்க முடியாத சேதாரத்தை நார்மல் லாஸ்னு படிக்கிறியே, உங்க பட்டறை சேதாரத்தை வச்சு ஒரு கணக்கு போட்டு எழுதுப்பான்னு சொன்னேன். எழுதினான். ஒரு கிலோ வெள்ளி உள்ள வருது, உருக்குறதுல எவ்வளவு போகுது, கம்பி இழுக்கறப்ப எவ்வளவு, அரம் போட்டு தேய்க்கிறப்ப எவ்வளவு, கடைசில கொலுசா எவ்வளவு வெளிய போகுது, கூலி என்னன்னு ஒரு டேபிள், அப்பா கை மட்டும் தெரியற மாதிரி ஒரு போட்டோ. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு காஸ்ட் அக்கவுன்டன்ட் கீழ கமெண்ட்ல வந்து கேட்டார், "தம்பி, பட்டறைத் தூசியை பெருக்கி எடுத்து திரும்ப உருக்குவாங்களே, அந்த மதிப்பை எங்க கழிச்சிருக்கீங்க?"ன்னு. இவன் கழிக்கவே இல்லை! ஸ்கிராப் வேல்யூவை, அதாவது சேதாரத்துல திரும்பக் கிடைக்கிற மதிப்பை, பிராசஸ் அக்கவுன்ட்ல கிரெடிட் பண்ணி செலவுல கழிக்கணும்னு புஸ்தகத்துல படிச்சவன்தான், அந்த ஸ்கிராப்பு தினமும் அவங்க அம்மா கூட்டி அள்ளுற தூசிதான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. திருத்தி மறுபடி போட்டான், அவர் மறுபடி கேள்வி கேட்டார். இப்ப அவர் ஆபீஸ்ல லீவு நாள்ல இன்டர்ன்ஷிப் போயிட்டு இருக்கான். அந்த கமெண்டு இன்னமும் அங்கயே இருக்கு, நார்மல் லாஸ் புரியலன்னு யார் வந்தாலும் அந்த லிங்க்கைத்தான் அனுப்பறேன்.

நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் பஞ்சமா என்ன, ஜவ்வரிசி மில்லு இருக்கு, வெண்பட்டு தறி இருக்கு, மேக்னசைட் இருக்கு, மாம்பழ மண்டி இருக்கு. பாடத்துல படிச்சதை வீட்டுப் பக்கத்துல பாத்து எழுதுங்க, வேலை குடுக்கறவங்க அதைத்தான் நின்னு படிக்கிறாங்க.

ஏற்காட்டுல இருந்து வர்ற பாட்டனி புள்ளைங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். ஐநேச்சுரலிஸ்ட்னு ஒரு தளம் இருக்கு, 2008ல இருந்தே இருக்கு, காசு கிடையாது. செடியோ பூச்சியோ போட்டோ எடுத்து தேதியும் இடமும் சேர்த்துப் போட்டா, உலகத்துல எங்கயோ இருக்கற ஆளுங்க வந்து இது இன்ன செடின்னு சொல்வாங்க. சொல்றவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒரே பேரைச் சொன்னா அது ரிசர்ச் கிரேடு, அதாவது ஆராய்ச்சிக்கு எடுக்கற தரம் ஆகும், மத்தவங்க பயன்படுத்தலாம்னு நீங்க குடுக்கற லைசென்ஸ் சரியா இருந்தா அங்கிருந்து ஜிபிஐஎஃப்ங்கற, உயிரினப் பதிவுகளுக்கான உலகப் பொது டேட்டாபேஸுக்கே போகும். அப்படின்னா நாகலூர்ல வீட்டுக்குப் பின்னாடி காப்பித் தோட்டத்துல எடுத்த போட்டோவை எங்கயோ ஒரு ஆராய்ச்சியாளர் பயன்படுத்தலாம்! ஆனா ஆர்கிட் மாதிரி பிடுங்கிட்டுப் போற ஆபத்து இருக்கற செடியா இருந்தா இடத்தை மறைச்சு போடற செட்டிங் இருக்கு, கட்டாயம் அதைப் போடுங்க. நேஷனல் ஆர்கிடேரியமே நம்ம ஏற்காட்டுலதான் இருக்கு, போய் பாத்துட்டு வந்து ஆரம்பிங்க.

இனி டீச்சர்களுக்கு. ஐஐடி பாடங்கள் இருக்கற என்பிடெல் வீடியோ எல்லாம் யூடியூப்ல சும்மாவே கிடக்கு, மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயம்ல சேர்ந்து படிச்சா டிகிரிக்குச் சேர்ற கிரெடிட்டும் உண்டு, ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் வரைக்கும் அப்படி எடுக்கலாம்னு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021லயே சொல்லியாச்சு. ஆனா ஐஐடி புரொஃபசர் இங்கிலீஷ்ல நடத்துறதை அப்படியே அனுப்பிட்டு "பாத்துக்கங்க"ன்னா நம்ம புள்ளைங்க பாக்க மாட்டாங்க. பத்து நிமிஷம் நாமளே தமிழ்ல பேசி ஒரு வீடியோ போடணும், அதுக்கப்புறம் அதைப் பாருன்னு சொல்லணும். போடறப்ப டிஸ்கிரிப்ஷன்ல நேரக்குறிப்பு எழுதுங்க, முதல் வரி 0:00ல ஆரம்பிச்சு குறைஞ்சது மூணு குறிப்பு இருந்தா யூடியூபே அதை சாப்டரா பிரிச்சுக் காட்டும், ஜர்னல் என்ட்ரி மட்டும் புரியாத பையன் நேரா அங்க போயிருவான். மலை மேல சில ஊர்ல சிக்னல் சுத்தமா எடுக்காது, அதனால அதே பாடத்தை ரெண்டு பக்க பிடிஎஃபாவும் போட்டு வைங்க.

பொண்ணுங்க விஷயத்துல நான் ரொம்ப கறாரா இருப்பேன். வீட்ல போட்டோ போடக்கூடாதுன்னு சொன்னா சண்டை போட வேண்டாம், போட்டோ இல்லாமலே லிங்க்ட்இன் வச்சுக்கலாம், போன் நம்பர் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் போடாதீங்க. உண்மையைச் சொன்னா நம்ம கிளாஸ் குரூப்தான் பெரிய ஓட்டை, உள்ள இருக்கற அத்தனை பேருக்கும் அத்தனை நம்பரும் தெரியுது, அதுல இருந்து நம்பர் எடுத்து ராத்திரி மெசேஜ் அனுப்பின கதை எந்த காலேஜ்லதான் இல்லை. அறிவிப்பு மட்டும்தான் அனுப்பணும்னா வாட்ஸ்அப் சேனல் போதும், அதுல ஃபாலோ பண்றவங்க நம்பர் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. அப்புறம், வேலை வாங்கித் தர்றேன், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுன்னு எவன் பணம் கேட்டாலும் அவன் ஏமாத்துறவன். பணம் போயிருச்சுன்னா அழுதுட்டு உக்காராம உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிங்க.

கடைசியா மேனேஜ்மென்ட் காரங்களுக்கு, கோவிச்சுக்காதீங்க. பகல்ல போன் கொண்டு வந்தா ஃபைன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அசைன்மென்ட், டைம்டேபிள், ஃபீஸ் தேதி எல்லாம் அதே போன்ல. நூறு புள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு சொந்த போனு, எத்தனை பேருக்கு அண்ணன் வேலை முடிஞ்சு வந்தாத்தான் போனு, யாராவது கேட்டிருக்கீங்களா? கம்ப்யூட்டர் லேபை தினமும் மதியம் ஒரு மணி நேரம் எல்லா டிபார்ட்மென்டுக்கும் திறந்து விடுங்க. சாயங்காலம்னு வச்சீங்கன்னா மலைக்குப் போற புள்ளைங்க பஸ்ஸுக்கு ஓடிரும், அதனால மதியம்தான். வீடியோ எடுக்கற டீச்சருக்கு வாரத்துல ஒரு பீரியடு குறைச்சுக் குடுங்க, வருஷ அப்ரைசல்ல கான்ஃபரன்ஸ் பேப்பருக்கு மார்க் போடற மாதிரி அதுக்கும் போடுங்க. எங்க டிபார்ட்மென்ட்ல இருந்து லெட்டரா எழுதிக் குடுத்திருக்கோம், மத்த காலேஜ் நண்பர்களும் அவங்கவங்க துறைத் தலைவர் (எச்ஓடி) மூலமா எழுதிக் குடுங்க, மாதிரி லெட்டர் வேணும்னா கமெண்ட்ல கேளுங்க, அங்கயே எல்லாருக்கும் தெரியற மாதிரி போடறேன்.