யூனோ மொனேத்தா: பெயர் முந்தியது, காசு பிந்தியது

"மொனேத்தா என்றால் லத்தீனில் பணம், அதனால்தான் யூனோ மொனேத்தா ரோமர்களின் பண தெய்வம்" என்ற கருத்தைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் வரிசை தலைகீழாகிவிட்டது.

யூனோவுக்கு இந்தப் பெயரில் கோயில் எழுப்புவதாக ரோமத் தளபதி லூசியுஸ் ஃபூரியுஸ் கமில்லுஸ் ஒரு போரின் நடுவே நேர்ந்துகொண்டது கி.மு. 345-இல். ரோம் நகரில் வெள்ளிக்காசு அடிக்கத் தொடங்கியதோ கி.மு. 269 வாக்கில்தான். பிறகு அந்தக் கோயிலை ஒட்டி நாணயச் சாலை அமைந்தது. அதனால் மொனேத்தா என்ற பெயர் முதலில் நாணயச் சாலைக்கும், அப்புறம் அங்கே அடித்த காசுக்கும் ஒட்டிக்கொண்டது. பேட்டைப் பெயர் சரக்குக்கு வருவதில்லையா, அதுபோலத்தான்.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? நிலநடுக்கத்துக்குப் பின் சினைப் பன்றியைப் பலியிடச் சொல்லி யூனோ கோயிலிலிருந்து ஒரு குரல் எச்சரித்ததாம். லத்தீனில் 'மொனேரே' என்றால் எச்சரிப்பது; அதனால் வந்த பெயர் என்கிறார் ரோமப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ. கதையை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் அவர் காலத்திலேயே பெயரைப் பணத்தோடு சேர்த்து விளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரிபார்ப்பது சுலபம். ரோம வரலாற்றாசிரியர் லிவியின் வரலாற்றில் 7ஆம் நூல், 28ஆம் பகுதியில் நேர்த்திக்கடன் வருகிறது. 6ஆம் நூல், 20ஆம் பகுதியில் கோயிலும் நாணயச் சாலையும் சேர்ந்தே வருகின்றன. சிசரோ சொன்னது குறிபார்த்தல் பற்றிய அவருடைய நூலின் முதல் பாகத்தில், 101ஆம் பத்தி. மூன்றுக்கும் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முடிந்தால் தீத்துஸ் கரிசியுஸ் கி.மு. 46-இல் வெளியிட்ட தெனாரியுஸ் என்ற ரோம வெள்ளிக்காசின் படத்தையும் தேடிப் பாருங்கள்: ஒரு பக்கம் தேவியின் தலையும் பெயரும், மறுபக்கம் காசடிக்கும் சுத்தியலும் இடுக்கியும்.