பளபளவென்று நிற்கிற கோயிலைப் பார்த்தால் பயமாக இருக்கிறது

போன மாதம் அம்மா வழி ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போயிருந்தேன். கும்பாபிஷேகம் முடிந்து கோயில் பளபளவென்று நிற்கிறது. சின்ன வயதில் பிரகாரம் சுற்றும்போது விரலால் தடவிக்கொண்டே போவேனே, சுவரின் அடியில் புடைத்து ஓடும் குமுதம் என்கிற கல்வரிசையில் வெட்டியிருந்த அந்தக் கல்வெட்டு வரிகளைத்தான் காணோம். மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கல் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது. ஒரு மூலையில் கல்வெட்டு தொடங்கும் 'ஸ்வஸ்திஸ்ரீ' மட்டும் அரைகுறையாகத் தெரிகிறது, அதற்கு மேலே ஸ்விட்ச் பெட்டி.

"எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டாமா தம்பி?" என்றார் திருப்பணிக் குழுப் பெரியவர். போகட்டும் ஐயா, அதோடு எழுத்தும் போக வேண்டுமா?

திருப்பணியே கூடாது என்று சொல்ல வரவில்லை. சோழ அரசி செம்பியன் மாதேவி 10-ஆம் நூற்றாண்டில் பழைய செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளி, அதாவது கல் கோயில், ஆக்கியவர், அவரை விடவா திருப்பணி செய்துவிடப் போகிறோம்? திருக்கோடிக்காவலில் கோயிலைப் புதுப்பித்தபோது அங்கே இருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரில் மறுபடி வெட்டினார்கள். 'இதுவும் ஒரு பழங்கற்படி', அதாவது பழைய கல்லில் இருந்ததன் நகல், என்று குறிப்பு வேறு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், உளியை வைத்துக்கொண்டு!

கல்வெட்டு என்றால் ராஜா பெருமைதானே என்கிறார்கள். ராஜாவைப் புகழ்கிற தொடக்க வரிகளான மெய்க்கீர்த்தியைத் தாண்டினால் முக்கால்வாசி ஊர்க்கணக்குதான். அணையாமல் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பல இடங்களில் 96 ஆடு தானம், அதற்கு ஈடாகத் தினம் உழக்கு (பழைய முகத்தல் அளவு) நெய். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர், அதாவது கிழடு செத்தாலும் குட்டி வந்து நிரப்பிவிடும், எண்ணிக்கை குறையாது. (இதை எழுதிய ஆள் நிச்சயம் குசும்புக்காரர்.) அப்புறம் நிலத்துக்குக் கிழக்கே எந்த வாய்க்கால், மேற்கே யார் வயல் என்று எல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் கோயிலில் ஆடிப் பணிசெய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். வேறெந்த ஏட்டிலும் இல்லாத பெயர்கள் அவை.

எங்கள் ஊர்ச் சுவரில் யார் பெயர் இருந்ததோ. கிளம்பும்போது அந்தப் பெரியவரே, "அதில் அப்படி என்னப்பா எழுதியிருந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்கள் ஊரில் பாலாலயம் (திருப்பணி தொடங்குமுன் சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கும் சடங்கு) என்று நோட்டீஸ் ஒட்டினால், சாரம் கட்டுவதற்கு முன்னால் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு மைப்படி (காகிதத்தை எழுத்தின் மேல் ஒட்டி மை தட்டி எடுக்கும் நகல்) எடுக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்கவில்லையா, சரி, சாயங்காலம் இருட்டியதும் போய் டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்து, போனில் வரிவரியாகப் படம் எடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது.